வெளியே போயிருக்கும் அண்டா

காலி மேடைக்குப் பின்னால் சுவரில், சாக்கட்டியால் 'வெள்ளிமலை' என்று பெரிதாக எழுதுகிறார் ஜன்னதுல் பிர்தௌஸ். காலைவரை அங்கே இருந்த பித்தளை அண்டா, மலையில் ஒரு கல்யாணத்துக்குச் சோறாக்கக் கிளம்பிவிட்டது.

"சும்மா குந்திக்கினு கெடந்தா களிம்பு ஏறிப்பூடும்ங்க. அடுத்த வாரம் தியாகதுருகத்துல வளைகாப்பு, அவங்களும் கேட்டுக்கினு இருக்காங்க."

கள்ளக்குறிச்சி கடைத்தெருவில், தம்பி அன்சரின் பாத்திரக் கடைக்கு மேல்மாடிதான் இவருடைய அருங்காட்சியகம். இவர்கள் அத்தா என்று அழைத்த தகப்பனார் ஷேக் பரீத் பழைய பித்தளையை வாங்கிக்கொண்டு புதுப் பாத்திரம் கொடுத்த வியாபாரி. உருக்கப் போகும் குவியலில் நல்ல கைவேலையோ, விளிம்பில் வெட்டிய பெயரோ கண்ணில் பட்டால் ஒதுக்கி வைத்துவிடுவார். எலவனாசூர்கோட்டைப் பன்னீர்ச் செம்பு, வெற்றிலைச் செல்லம், யானைக்கால் குத்துவிளக்கு எல்லாம் அப்படித் தப்பிப் பிழைத்தவைதான். அண்டாவின் விளிம்பில் 'வெள்ளிமலை ஆயம்மாள்' என்று இருக்கிறது. இப்போது வாங்கிப்போன இருசப்பன் அந்த ஆயம்மாள் வகையறா.

தினமும் கதவைத் திறந்ததும் ஒவ்வொரு பாத்திரத்தையும் விரல் முட்டியால் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார் பிர்தௌஸ். "உனுக்கு இன்னா, சத்தம் கம்மியா வருது?" என்று ஒரு செம்பை அதட்டியதை, அடிக்கடி மாடிக்கு வந்துபோகும் நானே பார்த்தேன். இரவல் கொடுக்கக் காசு வாங்கமாட்டார். ஆனால் தேய்க்காமல் திருப்பிக் கொடுத்தவர் பாடு அதோகதி! தெருமுனை வரை கேட்கும்.

மாடி ஒழுகுகிறது. புதிய மாவட்ட அருங்காட்சியகத்தில் ஒரு கூடம் வேண்டும், வாசலில் அத்தா பெயர் வேண்டும் என்று வருடக்கணக்காக நடையாய் நடந்தவர் இவர். அண்டா போன மூன்றாம் நாள் அதிகாரி வெற்றிவேல் சம்மதத்தோடு வந்தார். கூடம் உண்டு, பெயர்ப்பலகையும் உண்டு. சுற்றிப் பார்த்தவர் காலி மேடை முன்னால் நின்றார்.

"ஈயம் பூசப் போயிருக்குங்க சார்," என்று முந்திக்கொண்டார் அன்சர்.

"பொய் சொல்லாதடா. கல்யாணத்துக்குப் போயிருக்குதுங்க சார். வந்துகினு இருக்குது."

அதிகாரி நல்ல மனிதர். தயங்கித்தான் சொன்னார்: "எங்ககிட்ட வந்துட்டா வெளிய அனுப்ப முடியாதுங்கம்மா. கண்ணாடிக்குள்ளதான் இருக்கும்."

"அத்தா பேரு..." என்று ஆரம்பித்த பிர்தௌஸ் பாதியில் நிறுத்திவிட்டார். எனக்கே மனசு கேட்கவில்லை. போட்டுவிடுங்களேன் கையெழுத்தை, மழை வருகிறதே என்று சொல்ல நினைத்தேன்.

அப்போது படிக்கட்டில் ஒரே சத்தம். இருசப்பனும் அவர் மச்சானும் அண்டாவைத் தூக்கிக்கொண்டு ஏறி வந்தார்கள். பளபளவென்று தேய்த்திருந்தது. உள்ளே அடியில் புதுச் சாமை.

"வெறும் அண்டாவ எப்புடிங்க குடுக்கறது?" என்றார் இருசப்பன்.

பிர்தௌஸ் குனிந்து சாமையை அளைந்தார். பிறகு வழக்கம்போல விரலால் அண்டாவைத் தட்டினார். மாடி முழுக்கக் கணீரென்றது.

அதிகாரி காகிதத்தையும் பேனாவையும் நீட்டினார். பிர்தௌஸ் சுவர்ப்பக்கம் திரும்பி, 'வெள்ளிமலை'யை முந்தானையால் துடைத்தார். சாக்கட்டியை எடுத்து, அழுத்தி, 'தியாகதுருகம்' என்று எழுதினார்.