புளி படாத காசு

அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. நினைவு மலருக்கு நான்தான் எழுத வேண்டும் என்று தம்பி சொல்லிவிட்டான். கடைசி இரண்டு வருடமும் கூடவே இருந்தவள் நான்தானாம். கூடவே இருந்தவளுக்கு எழுதத் தெம்பு மிச்சம் இருக்குமா என்று அவன் யோசிக்கவில்லை.

அக்கா சோமனூரில் ஒரு தறிக்காரர் வீட்டு மூத்த பெண்ணாகப் பிறந்தார். அப்பா சீக்கிரமே போய்விட, கோவையில் வேதியியல் ஆசிரியையாக வேலை பார்த்து எங்கள் இருவரையும் படிக்கவைத்துக் கல்யாணமும் செய்துவைத்தார். தனக்கென்று அவர் சேர்த்தவை பழைய செப்புக்காசுகள் மட்டுமே. பழைய பாத்திரக் கடைகளில் பொறுக்கியவை. பச்சைக் களிம்பு ஏறி, மண் அப்பி, பார்க்க ஒன்றும் இருக்காது.

"வெளக்கி வெச்சா என்னங்கக்கா?" என்று கேட்டால், "எழுத்து அந்தப் பச்சையிலதான் கண்ணு நிக்குது. தேச்சா அதுவும் சேந்து போயிரும்" என்பார். மாவு மாதிரி உதிர்கிற வெளிர்பச்சை மட்டும் காசை அரிக்குமாம். அதை டிஸ்டில்டு வாட்டரில் ஊறவைத்து, லென்ஸில் பார்த்துப் பார்த்து எலுமிச்சை முள்ளால் கிளறி எடுப்பார். ஒரு காசுக்கு ஒரு மாதம்கூட ஆகும்.

பிறகு சிறுநீரகம் பழுதாகி, வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் என்றானது. முதல் வருட ஆயுதபூஜையின்போது அக்கா மருத்துவமனையில் படுத்திருந்தார். நான் வீட்டுக்கு வந்து பூஜைச் சாமான்களை விளக்க உட்கார்ந்தேன். குத்துவிளக்கு, சொம்பு எல்லாம் முடிந்தும் புளி மிச்சம் இருந்தது. அக்கா காசுகளைப் பரப்பிவைத்திருந்த தட்டத்தை எடுத்துவந்து, அத்தனை காசையும் புளியும் உப்பும் போட்டுத் தேய்த்துவிட்டேன்.

தெரியாமல் செய்துவிட்டேன் என்றுதான் இதுவரை எல்லோரிடமும் சொல்லிவந்தேன். தெரிந்துதான் செய்தேன். அவ்வளவு அலுத்துப்போயிருந்தேன். அந்த வீட்டில் ஏதாவது ஒன்று என் கை பட்டுத் தேறினால் போதும் என்றிருந்தது.

அக்கா வந்ததும் தட்டத்தை நீட்டினேன். செக்கச்செவேலென்று மின்னியது. ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். ஒன்றிலும் எழுத்து இல்லை.

"நல்லா வெளக்கிப்போட்டே அம்மணி" என்றார். "நீ சாப்புட்டியா?"

அதன்பிறகு அவர் லென்ஸைக் கையில் எடுக்கவே இல்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

போவதற்கு முந்தைய வாரம், தன் மருத்துவமனைப் பையிலிருந்து ஒரு மாத்திரை டப்பியை எடுத்து என் கையில் வைத்தார். உள்ளே பஞ்சில் ஒரே ஒரு காசு, பச்சையாகவே. அந்த ஆயுதபூஜையின்போது பையோடு மருத்துவமனைக்குப் போனதால் தப்பியிருக்கிறது.

"எங்கிட்ட வேண்டாங்கக்கா, தம்பிகிட்டக் குடுங்க" என்று அழுதுவிட்டேன்.

"அவன் வெளக்கிப்போடுவான். நீ இனி தொடமாட்டே" என்றார்.

டயாலிசிஸ் பிரிவுச் செவிலியர்களுக்கும், கூப்பிட்ட நேரத்துக்கெல்லாம் வந்த ஆட்டோக்காரத் தம்பிக்கும், எனக்கும் சேர்த்துச் சோறு கொடுத்தனுப்பிய பக்கத்து வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அந்தக் காசு அக்கா படத்துக்கு முன்னால் இருக்கும். வருகிறவர்கள் பார்க்கலாம், தயவுசெய்து துடைக்க வேண்டாம்.

இந்த ஆயுதபூஜைக்கும் நான்தான் சாமான்களை விளக்கினேன். டப்பியை உள்ளறையில் வைத்து, கதவைச் சாத்திவிட்டு வந்துதான் புளியைக் கரைத்தேன்.