மழைக்காட்டில் அயர்ன் பாக்ஸ்

திருப்பூர் பக்கம் நெருப்பெரிச்சல் என்ற ஊரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர் நான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். உடுமலைக்கு மேலே, மழைக்காட்டுக்குள் இருக்கும் மலைவாழ் மக்கள் குடியிருப்பில் தையல் சொல்லிக்கொடுக்க முதலாளி என்னை அனுப்பியது, பத்து நாளாவது தன் காது குளிரட்டும் என்றுதான் இருக்கும்.

அங்கே ஆறு பெண்கள், சோலாரில் ஓடும் மூன்று மெஷின்கள். காட்டு மிளகு போட்டு விற்க நூறு துணிப்பைகள் சனிக்கிழமை ஜீப்பில் கீழே போயாக வேண்டும். போகாவிட்டால் அதே ஜீப்பில் மெஷின்கள் வேறு ஊருக்குப் போய்விடும் என்று மெஷின்களைக் கொடுத்த அரசுத் திட்ட அதிகாரி கறாராகச் சொல்லியிருந்தார்.

வியாழன் காலைக்குள் அறுபது பை முடிந்தது. அதோடு நான் சும்மா இருந்திருக்கலாம். அயர்ன் போடாத பீஸ் எங்கள் கம்பெனி கதவைத் தாண்டாது என்ற கொழுப்பில், ஊரிலிருந்து தூக்கிப்போன அயர்ன் பாக்ஸைச் சொருகினேன். ஏழாவது பைக்கு சோலார் பேட்டரி படுத்து, மெஷின்களும் நின்றுவிட்டன. வெளியே பார்த்தால் எதிர்மரம் தெரியாத மூடுபனி.

"வெயில் எப்ப வருமுங்க?"

குழுவின் தலைவி, என் வயதுக்காரி, வானத்தை அண்ணாந்து பார்த்தாள். "ஞாயித்துக்கிழமை வரலாம்க்கா."

இவர்கள் பிழைப்பில் நானே மண்ணை அள்ளிப் போட்டுவிட்டேனே என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். அவளோ மெஷினைச் சுற்றிச்சுற்றி வந்தாள்.

"சக்கரம் இருக்குதில்ல? கையும் இருக்குதில்ல? என்ன அழுகை?"

மோட்டார் பெல்ட்டைக் கழற்றினோம். ஒருத்தி சக்கரத்தைச் சுற்ற, இன்னொருத்தி துணியை நகர்த்தினாள். கை வலித்தால் இடம் மாறிக்கொண்டார்கள். ஒரே பாட்டும் சிரிப்பும். என் முறை வந்தபோது மூச்சு வாங்கியது.

"ஏங்க்கா, திருப்பூர்ல இப்படித்தான் தைப்பீங்களா?"

"பேசாம துணிய நகத்து கண்ணு!"

வெள்ளி மதியம் நூறு பையும் தயார், சுருக்கத்தோடு. சுருக்கம் போக அவற்றை அடுக்கி மேலே பலகை போட்டார்கள். தலைவி என்னைப் பிடித்து அதன்மேல் உட்காரவைத்தாள். "நீதான்க்கா நல்ல கனம்." ஆறு பேரும் பக்கத்தில் நெருக்கி உட்கார, எல்லோரும் பால் இல்லாத கட்டஞ்சாயா குடித்தோம். என் உடம்பு ஒரு வேலைக்கு உதவியதே என்று எனக்கும் சிரிப்பு தாங்கவில்லை.

மறுநாள் அதிகாரி ஒரு பையை எடுத்து, திருப்பி, தையலை இழுத்துப் பார்த்தார். சரக்கு வாங்க வரும் வெளிநாட்டுக்காரர் முன்னால்கூட என் நெஞ்சு அப்படி அடித்ததில்லை.

"பேட்டரியத் தீத்தது நான்தானுங்க. இவுங்க மேல தப்பில்லீங்க," என்று உளறினேன்.

அவர் இன்னொரு பையை எடுத்து அதையும் இழுத்துப் பார்த்தார். "தையல் கெட்டியா இருக்குதுங்க. மெஷின் இங்கயே இருக்கட்டும்."

ஆறு பேரும் கத்திய கத்தலில் ஜீப் டிரைவர் என்னவோ ஏதோ என்று இறங்கி ஓடிவந்தார். இத்தனை வருஷமாகத் தையலைப் பிரித்துப் போட்டு டெய்லர்களை அழவைத்தவள் நான். அன்று அத்தனை பேர் முன்னால் ஜீப்பைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதேன்.