நாற்காலியை நகர்த்திய பிறகு

வயதானவர்கள் குளிப்பது, உடுத்துவது, சமைப்பது எல்லாம் தாங்களே செய்துகொள்கிறார்களா என்று வீட்டுக்கே போய்ப் பார்ப்பது பிசியோதெரபிஸ்டான என் வேலை. ‘முடியுமா?’ என்று கேட்க மாட்டேன். கேட்டால் எல்லாரும் முடியும் என்றுதான் சொல்வார்கள். ‘செய்து காட்டுங்கள்’ என்பேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

செய்யூர் பக்கம் சூசை என்றொரு பெரியவர். சவுக்குத் தோப்பில் கூலி வேலை பார்த்தவர். மனைவி போனபின் தனியாக இருந்தார். மகன் அந்தோணி அவரைத் திருப்போரூரில் தன் மூன்றாவது மாடி வீட்டுக்கு அழைத்துப்போக இருந்தார். அங்கே புருஷன் பெண்டாட்டி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். பகலெல்லாம் பெரியவர் தனியாகச் சமாளிப்பாரா என்று நான் சொல்ல வேண்டும்.

அசத்திவிட்டார். குளித்தார், வேட்டி கட்டினார், விறகடுப்பைப் பற்றவைத்து டீயும் போட்டுக் கொடுத்தார்.

“இன்னா சார், பாஸா?”

“பாஸ்தான்” என்றேன்.

சுவரோரம் இருந்த நாற்காலியை நடுவில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து டீ குடித்தேன். டம்ளரை வைக்க எழுந்த நேரம், பெரியவர் சமையலறையிலிருந்து விறுவிறுவென்று வந்து அந்த நாற்காலியிலேயே மோதினார். பட்டப்பகல். சிவப்பு நாற்காலி. ஓடிப்போய்த் தாங்கினேன். விரல்களை நீட்டி, “இது எத்தனை?” என்றேன். அவர் கையை நீட்டி என் விரல்களைத் தடவித் தேடினார்.

கூட வந்திருந்த அந்தோணி பதறி ஓடி வந்தார். “நைனா, கண்ணு தெர்லியா? வாராவாரம் வந்துகினுதான கீறேன், ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?”

“சொன்னா வேலைய வுட்டுட்டு இங்க வந்து குந்திக்குவ. எனுக்கு வெளிச்சம் தெரியுது. இந்த வூட்ல எது எங்க கீதுன்னு கைக்குத் தெரியும். போதும்.”

“அங்க கேஸ் அடுப்பு கீதே, நைனா!” என்றார் அந்தோணி. பாஸ் என்று சொன்னதை அங்கேயே திரும்ப வாங்கிக்கொண்டேன்.

இரண்டு கண்ணிலும் புரை முற்றியிருந்தது. வீடு மாறுவதைத் தள்ளிப்போட்டு முதலில் ஆபரேஷன் ஏற்பாடானது. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: பழகின வீட்டில் பார்த்துவிட்டுப் புது வீட்டுக்கு உறுதி சொல்லாதீர்கள். போகப்போகிற வீட்டிலேயே செய்து காட்டச் சொல்லுங்கள்.

கட்டுப் பிரித்த அன்று நானும் போயிருந்தேன். பெரியவர் மகனையே ரொம்ப நேரம் பார்த்தார்.

“இன்னாடா அந்தோணி, எப்படா இப்பிடித் தல நரச்சிது?”

அந்தோணிக்கு நரைத்துப் பல வருடம் ஆகியிருந்தது.