மஞ்சள் வைத்த பாஸ்போர்ட்டோடு மஸ்கெலியா போய் வந்தேன்

இதை எழுத வேண்டும் என்று பத்து வருடங்களுக்கு மேலாக நினைத்து, ஒவ்வொரு முறையும் பேனாவை மூடி வைத்துவிட்டேன். தப்பு என்னுடையது என்பதால் வெட்கம். அது சாமி முன்னால் நடந்தது என்பதால், படிக்கிறவர்கள் நான் சாமியைக் குறை சொல்வதாக எடுத்துக்கொள்வார்களோ என்ற பயம் வேறு. போன வாரம், கோத்தகிரிப் பக்கம் எங்கள் ஊரான கட்டபெட்டில், பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் புதுப் பாஸ்போர்ட் வந்தது. அவள் அம்மா மஞ்சள் கிண்ணத்தோடு பூஜை அலமாரிப் பக்கம் போவதைப் பார்த்து ஓடிப்போய்த் தடுத்தேன். இனியும் எழுதாமல் இருப்பது சரியில்லை.

நான் எட்டாவது வரை படித்தவன். டீ பாக்டரியில் இலை வாடப்போடும் பகுதியில் வேலை. பிறந்தது இலங்கையில், மஸ்கெலியாவில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில். எனக்கு எட்டு வயதாகும்போது இரண்டு அரசாங்கத்தின் ஒப்பந்தப்படி எங்கள் குடும்பத்தைக் கப்பலேற்றி இங்கே அனுப்பினார்கள். அக்கா பாக்கியத்துக்கு அப்போதே கல்யாணமாகியிருந்தது. புருஷன் வீட்டாருக்கு அங்கே குடியுரிமை கிடைத்ததால் அவள் நின்றுவிட்டாள். அதன்பின் நாற்பது வருடம் கடிதமும் போனும்தான். அவளுடைய ஒரே மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் போனில் அழுதாள்.

"தம்பி, தாய்மாமன்னு நீ ஒருத்தன்தான் இருக்கே. நீ மாலை எடுத்துக் குடுக்காம எம்புள்ள மணவறைக்குப் போக மாட்டேங்குதுடா."

பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போட்டேன். தபாலில் வந்த அன்றே ஒரு நகல் எடுத்துக்கொண்டேன். மறுநாள் வெள்ளிக்கிழமை. புதிதாக எது வந்தாலும் செய்கிற மாதிரி, மாரியம்மன் படத்துக்கு முன்னால் வைத்து, அட்டைக்குக் குங்குமம் வைத்தேன். முகம் இருக்கிற பக்கம்தானே முக்கியம் என்று அதைப் பிரித்து, நான்கு மூலைக்கும் மஞ்சளைக் குழைத்து வைத்து மூடினேன். அலமாரியை விட்டு இரண்டு மாதம் எடுக்கவில்லை.

பாஸ்போர்ட் இருந்தால் ஏறிப் போய்விடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். கோத்தகிரியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ஜோசப் தம்பிதான் விளங்க வைத்தார். அசலை பஸ்ஸில் கொண்டுபோகப் பயந்து அவரிடம் நகலைத்தான் கொடுத்தேன்.

"ஏனுங்க தம்பி, விசான்னு வேற ஒண்ணு வேணுமுங்களா?"

"நம்ம பாஸ்போர்ட் நடுத்தரமுங்ணா. கல்யாணத்துக்குப் போற மாதிரின்னு வெச்சுக்குங்க. சில ஊட்டுக்கு நேராப் போயி பந்தியில உக்காந்துக்கலாம். சில ஊட்டுக்குப் போன்ல ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போகோணும். சில ஊட்டுல பத்திரிகையக் காட்டினாத்தான் கதவே தெறப்பாங்க."

"இலங்கை?"

"ரெண்டாவதுங்ணா. கம்ப்யூட்டர்ல கேட்டாப் போதும்."

பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும், திரும்பி வரும் டிக்கெட் கையில் இருக்க வேண்டும், தங்கப்போகும் வீட்டு விலாசம் வேண்டும், பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு அவரே நிரப்பினார். மூன்றாம் நாள் அனுமதி வந்துவிட்டது என்றார்.

கிளம்பிய நாள், காலை 6.10. பனி விலகாத நேரத்தில் கட்டபெட்டில் பஸ் ஏறினேன். பாக்டரியில் பத்து நாள் லீவு. பையில் மாப்பிள்ளைக்கு வேட்டி, பெண்ணுக்குப் பட்டு, அக்காவுக்கு எங்கள் பாக்டரித் தூள் இரண்டு கிலோ. மஸ்கெலியாவுக்கே தேயிலையா என்று மனைவி சிரித்தாள். சட்டைப் பையில் பாஸ்போர்ட்.

6.40. அனுமதித் தாளை வாங்க ஜோசப் வீட்டுக் கதவைத் தட்டினேன். பெயரைச் சரிபார்க்க அசலை வாங்கிப் பிரித்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"என்னுங்ணா இது! வயசுக்கு வந்த புள்ளைக்குப் பண்ற மாதிரி பாஸ்போர்ட்டுக்குத் திரட்டிச் சீரு பண்ணிட்டீங்களா?"

"சாமிக்கு வெச்சதுங்க."

"அடியில ரெண்டு வரி இருக்குது பாருங்க, அதத்தான் மெஷின் படிக்கும். அதும் மேலயே அப்பியிருக்கீங்களே! படிக்கலீன்னா பிளேன்ல ஏத்த மாட்டேன்னும் சொல்லலாமுங்ணா."

விமானம் மறுநாள் காலை. கல்யாணம் நான்காம் நாள். வேறு பாஸ்போர்ட் வாங்க நேரமில்லை.

"போயே பாருங்க. கர்த்தர் இருக்காரு, உங்க அம்மனும் இருக்குது. ஆனா ஒண்ணு, இனிமே அதத் தொடாதீங்க. தண்ணி மட்டும் படவே கூடாது."

அந்தப் பேச்சையும் நான் கேட்கவில்லை. மேட்டுப்பாளையம் பஸ்ஸில், முப்பத்து மூன்று கிலோமீட்டர் இறக்கமும் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. கைக்குட்டையை நனைத்து, மெதுவாகத்தான், துடைத்தேன். மேலே ஒட்டியிருந்த கண்ணாடித் தாளின் ஒரு மூலை எழும்பி, மஞ்சள் உள்ளே இறங்கிவிட்டது. கையை எடுத்துவிட்டேன். கோயம்புத்தூர் வழியாகத் திருச்சி போய்ச் சேரும்வரை ஒரு டீ கூடக் குடிக்கவில்லை.

மறுநாள் காலை 7.15, திருச்சி விமான நிலையம். விமானக் கம்பெனிப் பெண் பாஸ்போர்ட்டை மெஷினில் இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, எண்ணைக் கையால் அடித்துச் சீட்டுக் கொடுத்தாள். அடுத்தது குடியேற்ற அதிகாரி. மூலையை நகத்தால் தூக்கிப் பார்த்தார்.

"படத்தை மாத்தப் பாத்தீங்களா?"

"ஐயோ, இல்லீங்க சார். மஞ்சளுங்க. சாமி கும்பிட்டு வெச்சது."

"எதுக்குப் போறீங்க?"

"அக்கா மக கல்யாணமுங்க. நாந்தானுங்க தாய்மாமன்."

என்னை ஓரமாக உட்காரச் சொல்லிவிட்டு, பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு ஓர் அறைக்குள் போனார். இருபத்தைந்து நிமிடம். என் விமானத்துக்கு ஆட்களைக் கூப்பிடும் சத்தம் கேட்டது. அம்மா, மஞ்சள் உன்னுடையது, புத்திகெட்டத்தனம் என்னுடையது, இதற்காக அக்காவைத் தலைகுனிய வைத்துவிடாதே என்று மட்டும்தான் வேண்டினேன்.

அதிகாரி திரும்பி வந்தார்.

"விவரமெல்லாம் எங்க கம்ப்யூட்டர்ல ஒத்துப்போகுது. முத்திரை போட்டு விடுறேன். ஆனா கொழும்புல திருப்பி அனுப்பினா எங்களால ஒண்ணும் பண்ண முடியாது. போறீங்களா?"

"போறேனுங்க."

"எங்க வீட்லயும் வண்டிக்குச் சந்தனம், குங்குமம் எல்லாம் வைப்போம், பெரியவரே. எஞ்சினுக்குள்ள ஊத்த மாட்டோம்" என்றார். அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

காலை 10.20, கொழும்பு. அங்கிருந்த அதிகாரி சிங்களவர். அனுமதித் தாளைப் பார்த்தார், திரும்பும் டிக்கெட்டைப் பார்த்தார், பாஸ்போர்ட்டைப் பிரித்து அப்படியே வைத்துக்கொண்டார். மஞ்சளை விரலால் தொட்டு முகர்ந்தார்.

"கஹ?"

அவர்கள் மொழியில் மஞ்சள். நாற்பது வருடம் கழித்து அந்த வார்த்தை எனக்குள் எழுந்து நின்றது. தலையாட்டினேன். பிறந்த ஊர் எழுதியிருந்த இடத்தில் அவர் விரல் நின்றது.

"மஸ்கெலியா?"

"ஆமாங்க. அங்கதான் பொறந்தேன். அக்கா இருக்கு. அதும் மகளுக்குக் கல்யாணம்."

எவ்வளவு விளங்கியதோ தெரியாது. எண்களை ஒவ்வொன்றாகக் கையால் அடித்தார். முப்பது நாளுக்கு முத்திரை விழுந்தது. அந்தச் சத்தத்தில் என் நெஞ்சில் இருந்த பாரம் அத்தனையும் இறங்கிவிட்டது. வெளியே வந்து முதல் காரியமாக ஒரு டீ குடித்தேன்.

ரயிலில் ஹட்டன், அங்கிருந்து பஸ்ஸில் மஸ்கெலியா. கட்டபெட்டுச் சரிவும் இந்தச் சரிவும் ஒன்றே போலிருந்தன. அதே செடி, அதே பனி, கூடை சுமக்கும் அதே வளைந்த முதுகுகள். லயத்து வாசலில் நலங்குக்கு மஞ்சள் அரைத்துக்கொண்டிருந்த அக்கா, அந்தக் கையோடே ஓடி வந்தாள்.

"நில்லுக்கா!" என்று கத்தினேன்.

அவள் திகைத்து நின்றாள். சட்டைப் பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து பந்தல் வேலைக்கு வந்திருந்த மாப்பிள்ளையின் தம்பியிடம் தூரமாகக் கொடுத்துவிட்டு, "இப்ப வாக்கா" என்றேன். சட்டையெல்லாம் மஞ்சளாகும்வரை கட்டிக்கொண்டு அழுதாள். மூன்றாம் நாள் மாலையை நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

ஊர் திரும்பியதும் சேதமானதை ஒப்படைத்து வேறு பாஸ்போர்ட் வாங்கிவிட்டேன். அதுவும் அம்மன் முன்னால்தான் இருக்கிறது, பிளாஸ்டிக் உறைக்குள். குங்குமம் உறைக்கு மட்டும்.

இதைப் படித்தவர்கள் வெளிநாடு போகிற யாருக்காவது கொடுங்கள். ஒரு வார்த்தை கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். பக்தி குறைவாகத் தெரிகிறதே என்று மஞ்சள் விஷயத்தை எடுத்துவிடாதீர்கள். நான் பைத்தியக்காரனாகத் தெரிகிறேனே என்று இரக்கப்பட்டு, பஸ்ஸில் துடைத்ததையும் மறைத்துவிடாதீர்கள். உள்ளது உள்ளபடி போய்ச் சேரட்டும்.