வாத்தியார் வீட்டுத் தலகாணி

தலகாணி என்ற பட்டம் எல்லாத் தடிப் புத்தகத்துக்கும் கிடைத்துவிடாது. வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்து நான் பைண்டு செய்து வைத்திருந்தவையும் செங்கல் கனம்தான். அவற்றை யாரும் அப்படிச் சொன்னதில்லை. பக்கத்துக்குப் பக்கம் பொடி எழுத்தில் அடிக்குறிப்பு வேண்டும், புரட்டுகிறவர் நெற்றியைச் சுருக்க வேண்டும், வீட்டில் மற்றவர்களுக்கு அதனால் காலணாப் பிரயோசனம் இருக்கக் கூடாது. அப்போதுதான் கோட்டுச்சேரியில் அது தலகாணி.

என் வீட்டுக்காரரிடம் அப்படி நாலு இருந்தன. காரைக்காலில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார். தலகாணி என்று நான் சொன்னால் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

"பெருநூல்னு சொல்லு. வாய்ல நுழையலியா?"

"வாய்ல நுழையுது. வீட்டுக்குள்ளதாங்க நுழைய மாட்டேங்குது."

எழுபதுகளின் கடைசியில், தலைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாய்வீட்டிலிருந்து திரும்பியிருந்தேன். எங்கள் பக்கம் ஐப்பசி பிறந்தால் கட்டில் காலுக்குச் செங்கல் வைத்துவிடுவோம்; வாய்க்கால் எப்போது வாசல் ஏறும் என்று தெரியாது. செங்கல் கொண்டுவரச் சொன்னேன். கொண்டுவந்தார். அதன்மேல் பலகை போட்டு நாலு தலகாணியையும் அடுக்கினார். ஈரம் ஏறாதாம். பெற்ற பிள்ளைக்கு இல்லாத ஆசனம். வந்த ஆத்திரத்தில் அன்று ரசத்துக்கு உப்பே போடவில்லை. மனுஷர் படித்துக்கொண்டே சாப்பிட்டு எழுந்து போனார்.

கார்த்திகையில் ஒரு மத்தியானம் காற்றும் மழையுமாகத் தண்ணீர் வீட்டுக்குள் புகுந்துவிட்டது. தெருவில் இடுப்பளவு, பிள்ளையோடு இறங்க வழியில்லை. அடுத்த வீட்டு அக்கா தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வந்தார். திருவேட்டக்குடியில் பிறந்தவர், மீன் கூடை சுமந்த உடம்பு. அவர் கட்டிலைத் தூக்கிப் பிடிக்க, இவர் செங்கல்லை உருவிக் காலுக்குக் கொடுத்தார். நானும் பிள்ளையும் ஏறிக்கொண்டோம். புத்தகங்களை இவர் எங்கள் பக்கத்தில் வைத்தார்.

தண்ணீர் செங்கல்லையும் முழுக்காட்டிக் கட்டில் சட்டத்தைத் தொட்டது. பிள்ளை வீரிட்டு அழுதது. இவர் புத்தகங்களைப் பார்த்தார்.

"அக்கா, இன்னொரு தரம் தூக்குங்க" என்றார். காலுக்கு ஒன்றாக நாலையும் செங்கல்மேல் வைத்தார்.

"ஏங்க, வேணாங்க."

"நீ பேசாம பிள்ளையப் பாரு."

தண்ணீர் அதற்குமேல் ஏறவில்லை.

வடிந்த பிறகு அவற்றை வாசலில் விரித்து வைத்து விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒட்டிய தாளை ஒவ்வொன்றாகப் பிரித்தார். நானும் ஒரு விசிறியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று என்னிடம் கேட்டார்.

"என்னம்மா, வாத்தியாரு தலகாணியெல்லாம் காயுதா?"

"பெருநூல்னு சொல்லுங்கக்கா."

"அப்டின்னா?"

"அன்னிக்கி எங்கள தண்ணிக்கு மேல வச்சிருந்துதுல்ல, அதான்க்கா."