ஜமீலா வீட்டு மோட்டார்

மோட்டாரின் மேல் உள்ளங்கையை வைத்தபடியேதான் ஜமீலா பேசுகிறாள். பிள்ளைக்குக் காய்ச்சல் பார்க்கிறவளைப் போல முதலில் உள்ளங்கை, பிறகு புறங்கை. "சுடுது. வெறும் வவுத்துல ஓடிகினு கீது" என்று சுவிட்சை அணைக்கிறாள். மாடித் தொட்டியில் இன்று காலையும் ஒரு சொட்டு விழவில்லை.

பூந்தமல்லியில் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் அவள் வீடு. பின்பக்கம் உறைக்கிணறு, அதன் ஓரத்தில் அரை எச்பி மோட்டார், பக்கத்தில் ஒரு கறிவேப்பிலைச் செடி. கணவர் ஜபருல்லா இருந்தவரை மோட்டார் போடுவது அவர் வேலை. பிப்ரவரியில் அவர் மவுத்தானார். அன்றிலிருந்து ஜமீலா இத்தாவில் இருக்கிறாள்: நாலு மாதம் பத்து நாள், கணவர் வாழ்ந்த வீட்டைவிட்டுப் போகாமல், வெளி ஆண்கள் முன்னால் வராமல். விடிந்ததும், அவர் செய்தபடியே, செடிக்கு ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றுகிறாள். பிறகு மோட்டார். சமையலும் தொழுகையும் போக மிச்சப் பொழுதெல்லாம் அதோடுதான் போகிறது.

தன் மோட்டார் அலுத்தால் அடுத்த வீட்டு மோட்டாரை விசாரிப்பாள். மதிலுக்கு அந்தப்பக்கம் அடுக்ககத்தில் குடியிருக்கும் பவித்ரா ஐடி கம்பெனிக்காரி. துணி உலர்த்த வந்தால் மாட்டிக்கொள்வாள்.

"உங்க மோட்டாரு எங்கம்மா கீது? சத்தமே காணோம்?"

"போருக்குள்ள ஆன்ட்டி. தண்ணிக்குள்ளயே இருக்கும்."

"ராவும் பகலும் முங்கிகினே கீதா? மூச்சு முட்டாது?"

"அது மீன் மாதிரி ஆன்ட்டி."

ஜமீலா யோசித்தாள். "அப்ப என்னுது கரையில குந்திகினு தூண்டில் போடுது. அதான் ஒருநாள் மாட்டுது, ஒருநாள் மாட்டல."

மகன் முகமது ஆசிக் அம்பத்தூர் எஸ்டேட்டில் எஞ்சினியர். இயந்திர பாகங்களின் தேய்மானத்தை அளப்பது அவன் வேலை. தண்ணீர் இல்லாத வீட்டில் அம்மாவைத் தனியே விட அவனுக்கு மனமில்லை. தன் ஃப்ளாட்டுக்கு வந்துவிடச் சொல்கிறான்.

"வேற வழியில்லன்னா இத்தாவுலயும் எடம் மாறலாம்னு பள்ளிவாசல் ஹஜ்ரத்தே சொல்லிட்டாரும்மா."

"வழியில்லன்னு ஹஜ்ரத்து வந்து மோட்டாரைப் பாத்தாரா?"

இத்தாவை இந்த வீட்டில்தான் முடிப்பேன் என்பது அவள் பிடிவாதம். அதை அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. மோட்டாரைப் பற்றிக் கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கிறாள், அவ்வளவுதான்.

அந்தக் கேள்விகளுக்காக ஒருநாள் ஆசிக் மோரில் ஸ்ட்ரா போட்டு உறிஞ்சிக் காட்டினான். மோட்டார் தண்ணீரைக் கட்டி இழுப்பதில்லை. குழாய்க்குள் அழுத்தத்தைக் குறைக்கிறது, வெளிக்காற்று தண்ணீரை மேலே தள்ளுகிறது. அதற்கு மோட்டாரின் வயிறும் குழாயும் முதலில் தண்ணீரால் நிரம்பியிருக்க வேண்டும். அவன் சொல்லி முடிப்பதற்குள் ஜமீலா முந்தானை ஊக்கைக் கழற்றி ஸ்ட்ராவில் ஒரு குத்துக் குத்தி உறிஞ்சினாள். புர்ரென்று காற்றுதான் வந்தது. சிரித்துவிட்டாள். உடனே, யாரோ அதட்டியதைப் போல, வாயைப் பொத்திக்கொண்டாள்.

மெக்கானிக் வினோத் முதல் தடவை வந்து கெபாசிட்டரை மாற்றினான். அடுத்த தடவை தண்ணீர் கசிந்த இடத்தில் புது சீல் போட்டான். இரண்டு தடவையும் மோட்டாரின் வாய்மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றி ஓட்டிக் காட்டினான். தொட்டி நிரம்பியது. மறுநாள் காலை பழைய கதைதான். அவன் வந்தால் ஜமீலா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். கேள்விகள் மட்டும் ஆசிக் வழியாக வெளியே வரும்.

"ஊத்துன தண்ணி ராவுல எங்க போவுதாம்னு கேளுடா."

"வினோத், ஊத்துன தண்ணி..."

"காதுல வுழுந்துச்சி தலைவா. கெணத்துக்கே எறங்கிடுதும்மா!"

"எறங்காம புடிச்சி வெக்க அடியில ஒண்ணும் இல்லியான்னு கேளு."

"புட்வால்வு கீதும்மா! நல்லாத்தான் இருக்கும்!" ஆசிக் பக்கம் திரும்பி, "உள்ள குந்திகினு எனக்குப் பரீட்சை வெக்கிறாங்க தலைவா" என்றான் வினோத்.

ஃபுட்வால்வு என்பது கிணற்றுக்குள் குழாயின் நுனியில் இருக்கும் ஒருவழிக் கதவு. தண்ணீரை மேலே விடும், திரும்பி இறங்க விடாது. அதைப் பார்க்க வேண்டுமென்றால் முழுக் குழாயையும் உருவ வேண்டும். வினோத் அடுத்த வீட்டுக்குக் கிளம்பிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை ஆசிக் காரோடு வந்தான். அம்மாவின் பையை அவனே கட்டி வாசலில் வைத்தான். கிளம்புமுன் கடைசியாகப் பார்த்துவிடலாம் என்று மோட்டாரின் வாய்மூடியைத் திருகி எடுத்தான். உடம்பெல்லாம் துரு ஏறிய மோட்டாரில் அந்தப் பித்தளை மூடி மட்டும் பளபளத்தது. அதன் திருகு மரை தேய்ந்திருந்தது. வினோத் இரண்டு தடவை திறந்ததால் வந்த தேய்மானம் அல்ல.

"அம்மா, இதை யாரோ தினமும் தெறந்திருக்காங்க."

ஜமீலா மூடியைப் பார்க்கவில்லை. கறிவேப்பிலைச் செடியைப் பார்த்தாள். தண்ணீர் தேங்கி, வேரழுகி, இலையெல்லாம் மஞ்சளாகியிருந்தது.

"விடியக்காலைல சுபுஹு தொழுதுட்டு ஒரு சொம்புத் தண்ணி எடுத்துகினு பின்னால போவாருடா. செடிக்குன்னு நெனச்சேன். அவரு போனப்புறம் நானும் வுடாம ஊத்திகினு வரேன்." மஞ்சள் இலை ஒன்றைக் கிள்ளி, "செடிக்கு" என்றாள்.

ஃபுட்வால்வு வருஷக்கணக்காக ஒழுகியிருக்கிறது. அவனுடைய அத்தா அதை மாற்றவில்லை. தினமும் மோட்டாரின் வாயில் ஊற்றிய ஒரு சொம்புத் தண்ணீரில் சமாளித்திருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை. ஏன் என்று இனிக் கேட்க முடியாது. ஆசிக் கார் சாவியை ஜன்னலில் வைத்துவிட்டு ஸ்பேனரை எடுத்தான்.

குழாயை இருவருமாக உருவினார்கள். அவன் கிணற்றிலிருந்து எடுக்க எடுக்க, அவள் தோளில் தாங்கிக்கொண்டு பின்னாலேயே நடந்தாள். நுனி வெளியே வந்தபோது அவள் சமையலறைக்குள் இருந்தாள். "அடுப்பு இடிக்குதுடா, போதும்!" என்று அங்கிருந்து குரல் வந்தது. வால்வுக்குள் ரப்பர் வட்டம் ஓரத்தில் கிழிந்திருந்தது. ஆசிக் கடைக்குப் போய்ப் புதிது வாங்கி வந்தான். அதை அவன் பொருத்துமுன் ஜமீலா பிடுங்கி, வாயில் வைத்து ஊதிப் பார்த்தாள். ஒருபக்கம் காற்று போனது. மறுபக்கம் ஊத, கன்னம்தான் உப்பியது.

"திரும்பிப் போவ வுடமாட்டேங்குதுடா!" என்றாள். இரண்டு பக்கமும் இன்னொரு முறை ஊதினாள்.

குழாயை இறக்கி, இணைப்பை முறுக்கி, மோட்டாரின் வாய்வரை தண்ணீர் ஊற்றினார்கள். ஆசிக் சுவிட்சுக்குப் போனான்.

"இரு. மொதல்ல நிக்குதான்னு பாப்போம்." தீக்குச்சி ஒன்றைக் கிள்ளித் தண்ணீரில் மிதக்கவிட்டாள். பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"இதுவும் எறங்குச்சின்னா கெளம்பிடணும்மா."

"எறங்கட்டும், பாப்போம்."

ஆசிக் போனைப் பார்த்தான், கிணற்றைப் பார்த்தான், வாசல்வரை போய்த் திரும்பினான். அவள் குச்சியைத் தவிர எதையும் பார்க்கவில்லை. வெயில் மதிலுக்கு அந்தப்பக்கம் இறங்கிப் போனது. குச்சி விளிம்பிலேயே நின்றது.

அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். ஜமீலா எழுந்து மூடியைத் திருகினாள். சுவிட்சைப் போட்டாள். சற்று நேரத்தில் மாடியில் வெறும் தொட்டியின் அடியில் தண்ணீர் மோதும் சத்தம் கேட்டது. ஆசிக் ஏதோ சொல்ல வந்தான். அவள் குழாயடிக்குப் போய், காற்றைத் துப்பிக்கொண்டு வந்த தண்ணீரில் கை, முகம், கால் கழுவி நிதானமாக உளூ செய்தாள். வாசலில் இருந்த பையின் ஜிப்பைத் திறந்து, மேலாக மடித்து வைத்திருந்த தொழுகை விரிப்பை உருவி, ஒருமுறை உதறி, உள்ளே கொண்டுபோய் விரித்தாள்.