வயிற்றில் ஒரு காணி

இலங்கையில் சண்டை முடிந்த கிழமை. ரொறன்ரோ விமான நிலையத்திலிருந்து மல்வேர்னில் இருக்கும் தம்பி வீட்டுக்கு டாக்சியில் போகிறேன். அவனுடைய வன்னிக் காணிக்கு மிஞ்சிய ஒரே அத்தாட்சி, நான் கொண்டுவந்த உறுதிப்பத்திரம். அதைக் காணவில்லை. பையைக் கவிழ்த்து, சப்பாத்தைக் கழற்றி, கருவாட்டுப் பார்சலையும் பிரித்தாயிற்று. ஐம்பது வயதில் அழ வெட்கமாக இருப்பதால் இருமுகிறேன்.

சாரதி உகண்டாக்காரர், தமிழரை ஏற்றி ஏற்றி எங்கள் தமிழையே பழகிவிட்டவர்.

"அண்ணை, வயித்தைத் தடவிப் பாருங்கோ."

தடவுகிறேன். நானே பொலித்தீனில் சுற்றிக் கட்டிய உறுதி, அங்கே பத்திரமாக வியர்த்துக்கொண்டிருக்கிறது.

"எப்பிடித் தெரியும்?"

"எங்கட உகண்டாவில வெள்ளைக்காரன் வந்த புதுசில, சனம் பொதுவா இருந்த மலையை அளந்து, என்ர பூட்டன்ர பேரில எழுதிப்போட்டான். அவரும் கடுதாசியை வயித்திலதான் கட்டினவர். குளிக்கவும் மாட்டாராம். உங்கட எல்லை என்ன?"

"கிழக்கே பனை, மேற்கே புளி."

"எங்கடது கறையான் புற்று. மழையில கரைஞ்சுபோச்சு. இன்னும் வழக்கு நடக்குது."

"ஐயோ, குண்டு, செல்லடியில அந்தப் பனை நிக்குமோ?"

"வழக்குப் போடக் காணி மிஞ்சினாலே போதும், அண்ணை."

மறுபடியும் எனக்கு இருமல் வருகிறது.